தெரிவில் விடுபட்ட மீத்திறன் மாணவர்: ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிச் சூழலில் பரிந்துரையின் தேவையும் முறையும்

முன்னுரை

பள்ளிகளில் மெல்லப் பயிலும் மாணவர்க்குக் குறைநீக்கல் வகுப்பு உண்டு. உடற்குறையோ கற்றல் குறையோ உடையவர்க்குச் சிறப்புக் கல்வி வகுப்பு உண்டு. வகுப்பின் வேகத்தைக் கடந்து பயிலும் மாணவர்க்கு உரிய ஏற்பாடு யாது என வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. அத்தகைய ஏற்பாடு எங்கேனும் இருப்பினும், அதற்குரிய தெரிவில் தகுதியுடைய மாணவர் ஒருவர் விடுபட்டுப்போனால், அவருக்காகப் பேசுபவர் யார், எவ்வாறு பேசுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட ஜொகூர் மாநிலச் சூழலை மையமாகக் கொண்டு, மீத்திறன் மாணவர் விடுபடுவதற்கான காரணங்களையும், ஆசிரியரும் பெற்றோரும் மேற்கொள்ளத்தக்க பரிந்துரை முறையையும் இது விளக்குகிறது.

தகுதியுடையாரைத் தேர்ந்தறிதல் தமிழர்க்குப் புதிய சிந்தனையன்று. திருக்குறள் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளது. தேர்வு செய்வோரும் தவறக்கூடும் என்ற எச்சரிக்கை அவ்வதிகாரங்களில் அடங்கியுள்ளது. கல்விக்கூடத் தெரிவுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும்.

மீத்திறன் என்னும் கருத்தாக்கம்

மீத்திறன் என்பதை நுண்ணறிவு ஈவு எனப்படும் ஒற்றை எண்ணால் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலோங்கியிருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த லூயிஸ் டெர்மன் 1921ஆம் ஆண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு அந்நம்பிக்கையின் அடிப்படையில் அமைந்தது. கலிபோர்னியா மாநிலச் சிறுவர்களைச் சோதித்து, உயர்ந்த எண்களைப் பெற்ற 1,500க்கும் மேற்பட்டோரை அவர் தெரிவு செய்தார். அச்சோதனையில் போதிய எண்ணைப் பெறாது விலக்கப்பட்ட சிறுவர்களுள் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்போர். ஷாக்லி 1956ஆம் ஆண்டிலும் ஆல்வரெஸ் 1968ஆம் ஆண்டிலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். தெரிவு செய்யப்பட்டோருள் ஒருவரும் அப்பரிசைப் பெறவில்லை. சோதனையே பயனற்றது என்பதற்கு இஃது ஆதாரமாகாது. டெர்மன் தெரிவு செய்தோருள் பலர் தத்தம் துறைகளில் சிறந்து விளங்கினர். ஆயினும், ஒரு சோதனையில் கோட்டுக்குக் கீழே நின்றவரைத் திறனற்றவர் என முடிவு கட்டுதல் எத்துணைப் பிழையானது என்பதை இந்நிகழ்வு தெளிவுறக் காட்டுகிறது.

1978ஆம் ஆண்டில் ஜோசப் ரென்சுலி முன்வைத்த மூவளையக் கோட்பாடு இக்கருத்தை விரிவாக்கியது. சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பாக்கத் திறன், எடுத்த பணியில் ஊன்றி நிற்கும் ஈடுபாடு ஆகிய மூன்றும் இணையுமிடத்தில் மீத்திறன் வெளிப்படுகிறது என்பது அவர்தம் கருத்து. இவற்றுள் முதலாவதை மட்டுமே எழுத்துச் சோதனை ஓரளவு அளக்கவல்லது. ஏனைய இரண்டையும் அறிய, மாணவரை அன்றாடம் காணும் ஆசிரியரின் கண்களும் பெற்றோரின் கண்களுமே துணை. பரிந்துரைக்கான அடிப்படை நியாயம் இங்குத்தான் பிறக்கிறது.

மலேசியாவில் மீத்திறன் கல்வி

மலேசியாவில் மீத்திறன் மாணவர்க்கென நாடு தழுவிய அளவில் அண்மைக் காலத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, முதல்நிலை மதிப்பீடு எனப்பட்ட பி.டி.எஸ். தேர்வு. 1996ஆம் ஆண்டில் அறிமுகமான இத்தேர்வில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற மூன்றாம் ஆண்டு மாணவர், நான்காம் ஆண்டைக் கடந்து நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்ல இயன்றது. 2000ஆம் ஆண்டு வரை நடைபெற்ற இத்தேர்வு 2001இல் கைவிடப்பட்டது. பயிற்சி வகுப்புகளின் வழிச் சிறுவர்களை இத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் போக்கு பெருகியதும், வயதில் மூத்தோரிடையே அமரும் சிறுவரின் உணர்வு முதிர்ச்சி பற்றிய கவலையும் அன்று பேசப்பட்ட காரணங்களாம்.

இரண்டாவது, 2009ஆம் ஆண்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற பெர்மாத்தா பிந்தார் திட்டம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் இஃது உருவாக்கப்பட்டது. இணையவழிச் சோதனை, மேற்பார்வையுடன் கூடிய இரண்டாம் சோதனை, பள்ளி விடுமுறை முகாம் எனப் படிப்படியாகத் தெரிவு நிகழ்ந்தது. 2011ஆம் ஆண்டு முதல் பாங்கியில் முழுநேரக் கல்லூரியும் இயங்கலாயிற்று. பின்னர் இத்திட்டம் ஜீனியஸ் பிந்தார் நெகாரா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சட்ட நிலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், சிறப்புக் கல்வி என்பதை மாணவரின் சிறப்புக் கல்வித் தேவைகளை நிறைவு செய்யும் கல்வி என விரிந்த பொருளில் வரையறுக்கிறது. ஆயினும், அச்சட்டத்தின்கீழ் 1997ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சிறப்புக் கல்வி விதிமுறைகள், சிறப்புத் தேவையுடைய மாணவர் எனப் பார்வைக் குறை, கேட்டல் குறை, கற்றல் குறை உடையோரையே சுட்டின. அவற்றுக்கு மாற்றாக 2013ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகளும் குறைபாடுகளின் அடிப்படையிலேயே அமைந்தன. சட்டம் திறந்துவைத்த கதவை விதிமுறைகள் பாதியளவே திறந்தன எனலாம். 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் மீத்திறன் மாணவரைத் தனிக்கவனம் வேண்டும் பிரிவினருள் ஒருவராகக் குறிப்பிட்டது. எனினும் பெருந்திட்டத்தில் இடம்பெறுதல் வேறு. உரிமையாகக் கோரும் நிலை வேறு.

இந்நிலையிலும் பெற்றோர்க்குப் பற்றுக்கோடாகும் இடங்கள் அச்சட்டத்தில் இரண்டு உள. பெற்றோரின் விருப்பத்திற்கிணங்கப் பிள்ளைகள் கல்வி பெறுதல் என்னும் பொதுநெறி கருத்திற் கொள்ளப்படுதல் வேண்டும் என்று அச்சட்டத்தின் முகவுரை கூறுகிறது. தொடக்கக் கல்வி ஆறாண்டுக் காலத்திற்கு வகுக்கப்படினும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் அதனை முடிக்கலாம் என்று 29ஆம் பிரிவு இடமளிக்கிறது. பி.டி.எஸ். தேர்வு நீங்கியபோது, ஐந்தாண்டில் முடிப்பதற்கான நடைமுறை வழிதான் நீங்கிற்று. மாணவரின் வேகத்திற்கேற்பக் காலம் வேறுபடலாம் என்னும் கொள்கை சட்டத்திலிருந்து நீங்கவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியருள் பலரது கவனத்திற்கு வராத செய்தி இது.

விடுபடுதலின் காரணங்கள்

ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பயிலும் மீத்திறன் மாணவர் தெரிவில் விடுபடுவதற்குரிய காரணங்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, மொழி. மேற்கூறிய இணையவழிச் சோதனை மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. எல்லைக்கு அப்பால், 1984ஆம் ஆண்டில் தொடங்கிய சிங்கப்பூர் மீத்திறன் கல்வித் திட்டமும் ஆங்கிலம், கணிதம், பொது ஆற்றல் ஆகியவற்றையே சோதித்தது. தமிழ்வழிக் கணிதமும் அறிவியலும் பயின்ற எட்டு அல்லது ஒன்பது வயதுக் குழந்தை, வினாவின் மொழியிலேயே தடுமாறக்கூடும். அத்தடுமாற்றம் மதிப்பெண்ணில் திறன் குறைவாகத் தோற்றமளிக்கும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையிலிருந்த காலத்தில் மலாய்மொழியில் உரிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவர், கணிதத்தில் எத்துணைச் சிறந்து விளங்கினும், புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த பின்னரே படிவம் 1க்குச் செல்ல இயன்றது. ஓராண்டு முந்திச் செல்லத் தகுதியுடையவர் ஓராண்டு பிந்திச் சென்ற அவலமும் இதனால் நேர்ந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, பள்ளியின் அளவு. 150 பேருக்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படும். இரப்பர், செம்பனைத் தோட்டங்களைச் சார்ந்து எழுந்த தமிழ்ப்பள்ளிகள் பல இவ்வகையின. மாணவர் தொகை மிகக் குறைந்த இடங்களில் இரண்டு ஆண்டு மாணவரை ஒருங்கே அமர்த்தும் கூட்டு வகுப்பு முறை பின்பற்றப்படுகிறது. அங்கு மீத்திறனுக்கெனத் தனி வகுப்பு அமைக்க இயலாது. ஒப்பிட்டு நோக்கப் போதிய சகமாணவரும் இரார்.

மூன்றாவது, மதிப்பீட்டின் உச்சவரம்பு. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின் வகுப்பறைசார் மதிப்பீடு முதன்மை பெற்றது. அதில் உயரிய அடைவுநிலை 6 ஆகும். அவ்வாண்டுப் பாடத்தைச் செவ்வனே கற்ற மாணவரும் 6 பெறுவார். ஈராண்டு மேற்பட்ட பாடத்தையும் தாமே கற்றுணர்ந்த மாணவரும் 6 பெறுவார். இவ்விருவரிடையே உள்ள வேறுபாட்டை அவ்வெண் உணர்த்தாது.

நான்காவது, நடத்தை பற்றிய தவறான புரிதல். அறிந்ததையே திரும்பத் திரும்பச் செய்யப் பணிக்கப்படும் குழந்தை சலிப்புறும். சில குழந்தைகள் வகுப்பைக் குலைக்கும். சில வாய்மூடிச் சாளரத்தை நோக்கியிருக்கும். முன்னவர் அடங்காதவர் எனவும் பின்னவர் கவனமற்றவர் எனவும் பெயர் பெறுகின்றனர். மீத்திறனும் கற்றல் குறையும் ஒருங்கே அமைந்த குழந்தையின் நிலை இன்னும் கடினமானது. எழுத்துக்கூட்டலில் பிழை மலியும் தாளுக்குப் பின்னால் நுண்ணிய சிந்தனை மறைந்து நிற்கும்.

ஐந்தாவது, பரிந்துரைப்போர் இன்மை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பிரவார்டு வட்டாரத்தில் டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ ஆகியோர் மேற்கொண்டு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். அங்கு முன்னர் ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த குழந்தைகளே சோதிக்கப்பட்டனர். 2005ஆம் ஆண்டில் இரண்டாம் வகுப்பு மாணவர் அனைவரையும் மொழிசாராச் சோதனைக்கு உட்படுத்தும் முறை வந்தது. அதன்பின் மீத்திறன் பிரிவில் இடம்பெற்ற கறுப்பின மாணவர் விழுக்காடு 80 அளவிலும், இசுபானிய வழியினர் விழுக்காடு 130 அளவிலும் உயர்ந்தது. குழந்தைகள் மாறவில்லை, அவர்களைத் தேடிய முறையே மாறிற்று. நிதி நெருக்கடியால் அம்முறை தளர்ந்தபோது எண்ணிக்கையும் பழைய நிலைக்கு மீண்டது. பரிந்துரையை மட்டுமே நம்பும் அமைப்பில், பரிந்துரைக்க அறிந்த பெற்றோரின் பிள்ளைகளே பயன்பெறுவர் என்பது இவ்வாய்வு தரும் தெளிவு. அனைவரையும் சோதிக்கும் ஏற்பாடு வரும்வரை, அறியாத பெற்றோரின் சார்பில் ஆசிரியரே பேசியாதல் வேண்டும்.

இராமானுசன் வரலாறு தரும் பாடம்

கல்வி அமைப்பால் புறந்தள்ளப்பட்ட மீத்திறனுக்குத் தமிழகம் அறிந்த தலையாய எடுத்துக்காட்டு சீனிவாச இராமானுசன். 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த இவர், 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே முழுமையாக மூழ்கியதால் ஏனைய பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கல்வி அமைப்பின் பார்வையில் அவர் தோல்வியுற்ற மாணவர்.

அவருக்காகப் பேசியோரின் செயல்முறை கூர்ந்து நோக்கற்பாலது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர், இராமானுசனின் குறிப்பேடுகளைக் கண்டு அவரைச் சென்னைக் கணித அறிஞர்களிடம் ஆற்றுப்படுத்தினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி நல்கினார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்குத் தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றனர். 1913ஆம் ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுசன் மடல் எழுதினார். அவ்வாண்டிலேயே வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைக் கடிதம் விடுத்தார். முதுகலைப் பட்டதாரிகட்கே உரிய ஆய்வு உதவித்தொகை, எப்.ஏ. கூடத் தேறாத இராமானுசனுக்கு மாதம் 75 ரூபாயாக வழங்கப்பட்டது. 1918இல் அவர் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்; 1920இல் 32ஆம் வயதில் மறைந்தார்.

இவ்வரலாற்றினின்று நான்கு செய்திகளைப் பெறலாம். புகழ்ச்சியுரையின்றி, குறிப்பேடு என்னும் சான்றே முன்வைக்கப்பட்டது. துறையறிந்தோரின் கருத்து நாடப்பட்டது. முடிவு வரும்வரை அவரது வாழ்வுக்கும் பணிக்கும் இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது. விதி அழிக்கப்படவில்லை, தகுந்த காரணங்காட்டித் தளர்த்தப்பட்டது. எனினும், பரிந்துரை வந்து சேர்வதற்குள் சில ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. குறுகிய வாழ்வினையுடைய ஒருவர்க்கு அது பேரிழப்பு என்பதையும் மறத்தலாகாது.

பரிந்துரைக்கும் முறை

மேற்கண்ட நெறிகளை இன்றைய பள்ளிச் சூழலுக்குப் பொருத்தினால் பின்வரும் படிநிலைகள் அமையும்.

முதற்படி, சான்று திரட்டல். மாணவர் கெட்டிக்காரர் என்று கூறுதல் சான்றாகாது. அவர் தாமே உருவாக்கிய கணக்கு, எழுப்பிய வினாக்கள், எழுதிய கதை, படித்த நூல்களின் பட்டியல் ஆகியவற்றை நாளிட்டுத் தொகுத்தல் வேண்டும். அடைவுநிலையின் உச்சவரம்பைக் கடந்து காட்ட, ஓராண்டோ ஈராண்டோ மேற்பட்ட வகுப்பின் வினாத்தாளை அவரிடம் அளித்து, விடைத்தாளை இணைத்தல் எளிய வழியாகும்.

இரண்டாம் படி, காரணம் வினவுதல். எந்தச் சோதனை, எம்மொழியில், எந்த அளவுகோலில் நிகழ்ந்தது என்பதைப் பணிவுடன் எழுத்தில் கேட்டல் வேண்டும். காரணம் தெரிந்தாலன்றி மறுமொழி அமைக்க இயலாது. இடப்பற்றாக்குறையால் விடுபட்ட மாணவர்க்கும் மொழித் தடையால் விடுபட்ட மாணவர்க்கும் ஒரே வாதம் பொருந்தாது.

மூன்றாம் படி, மாற்றுச் சோதனை. மொழித் தடை ஐயுறப்படுமிடத்து மொழிசாராச் சோதனையைக் கோரலாம். ஜான் ரேவன் 1938இல் வெளியிட்ட வடிவத் தொடர்ச் சோதனை இத்தகையது. தகுதி பெற்ற உளவியலாளரே அதனை நடத்தி விளக்கம் அளித்தல் வேண்டும்.

நான்காம் படி, முறையான மேல்முறையீடு. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அலுவலகம், மாநிலக் கல்வி இலாகா என்னும் வரிசையைக் கடைப்பிடித்தல் நன்று. கடிதத்தில் பிற மாணவரோடு ஒப்பிட்டுக் குறைகூறல் தவிர்க்கப்படுதல் வேண்டும். இம்மாணவருக்கு இன்ன தேவை உளது, இன்ன சான்று உளது, இன்ன ஏற்பாட்டை வேண்டுகிறோம் என மூன்று கூறுகள் அமைந்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தனி ஒருவர் வேண்டுகோளைப் பள்ளிக் கொள்கையாக உயர்த்தத் துணைபுரியும்.

ஐந்தாம் படி, இடைக்கால ஏற்பாடு. மேல்முறையீட்டின் முடிவு எதுவாயினும் மாணவர் நாளை காலை வகுப்பிற்கு வருவார். அவர் முன்னரே அறிந்த பகுதியைச் சுருக்கி, மீதமாகும் நேரத்தில் ஆழமான பணியை வழங்கலாம். கணிதப் பாடவேளைக்கு மட்டும் மேல்வகுப்பில் அமரச் செய்யலாம். கூட்டு வகுப்பு நடைபெறும் சிறுபள்ளியில் இஃது எளிது. குறையெனக் கருதப்படும் ஏற்பாடே இங்கு வாய்ப்பாக மாறுகிறது. 2004ஆம் ஆண்டில் அயோவா பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிக்கை, பாட வேகத்தை உயர்த்தும் வழிகள் பதினெட்டினைத் தொகுத்து, தக்க மாணவர்க்கு அவை பொதுவாகத் தீங்கு விளைவிப்பதில்லை என நிறுவியது. அவற்றுட் பல, தனி வகுப்போ கூடுதல் நிதியோ வேண்டாதவை.

எதிர்வாதங்கள்

மீத்திறன் மாணவர் தாமே முன்னேறுவர்; நலிந்தோர்க்கே ஆசிரியரின் நேரம் உரியது என்பர் சிலர். இவ்வாதத்தில் அறவுணர்வு உண்டு. ஆயினும், வசதி படைத்த வீட்டுக் குழந்தைக்கே தானே முன்னேறும் வழிகள் உள. பள்ளியைத் தவிர வேறு புகலில்லாத தோட்டப்புறத் தொழிலாளியின் குழந்தைக்குப் பள்ளி கைவிட்டால் பிறிதொரு வழியில்லை. இக்குழந்தையும் ஒருவகையில் நலிந்தோர் பக்கமே நிற்கிறது.

தெரிவு முறையே சமனின்மையை வளர்க்கிறது என்பது மற்றொரு வாதம். பி.டி.எஸ். தேர்வின் வரலாறு இதற்கு இடமளிக்கிறது. சிங்கப்பூர்ப் பிரதமர் லாரன்ஸ் வோங், 2024ஆம் ஆண்டு ஆகத்தில் ஆற்றிய தேசிய தினப் பேருரையில், மீத்திறன் கல்வித் திட்டத்தை அதன் அன்றைய வடிவில் முடித்து, ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மீத்திறன் மாணவர்க்குத் தானே வாய்ப்பளிக்கும் முறை வரும் என அறிவித்தார். ஒரு சிலரைப் பிரித்தெடுத்துச் சில பள்ளிகளில் குவிப்பதை விடுத்து, மாணவர் இருக்குமிடத்திலேயே அவர் தேவையை நிறைவு செய்யும் திசையில் அண்டை நாடு நகர்கிறது. பரிந்துரையின் இலக்கும் இதுவே ஆதல் வேண்டும். பட்டியலில் பெயர் இடம்பெறுதல் வழியாகும்; கற்றல் நிகழ்தலே பயனாகும்.

பெற்றோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பரிந்துரை என்பது பெற்றோரின் பெருமைக்கான போராட்டமாக மாறலாகாது. குழந்தையின் விருப்பத்தைக் கேட்டறிதல் முதற்கடமை. தெரிவில் விடுபட்ட செய்தியைத் தோல்வியாக அதன்மீது சுமத்தாதிருத்தல் இரண்டாம் கடமை.

முடிவுரை

மீத்திறன் மாணவர் தெரிவில் விடுபடுதல் பெரும்பாலும் எவரது தீய நோக்கத்தாலும் நிகழ்வதில்லை. மொழியும், பள்ளியின் அளவும், மதிப்பீட்டின் வரம்பும், கவனக்குறைவும் கூடி அவரை மறைக்கின்றன. மறைந்தவரை வெளிக்கொணர்வது சான்றோடு கூடிய பரிந்துரை. சட்டம் இன்னும் முழுமையான உரிமையை வழங்காத நிலையில், ஆசிரியரின் நாளிட்ட குறிப்பேடே அம்மாணவரின் முதல் ஆவணம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் அத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்குதல் இன்றே இயல்வது. மொழிசாராச் சோதனையைத் தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவர்க்கும் விரிவாக்குதல், ஆசிரியர் பயிற்சியில் மீத்திறன் அறிதலை இணைத்தல், சிறுபள்ளிகளின் கூட்டு வகுப்பை வேகக் கற்றலுக்குப் பயன்படுத்துதல் ஆகியன மேலும் ஆராயத்தக்கவை. அவ்வாய்வுகள் நிறைவுறும்வரை எட்டு வயதுக் குழந்தை எட்டு வயதிலேயே காத்திருப்பதில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.